நாலு மணிச் சங்கு

பகலில் பார்த்தால் இந்தச் செடியை இன்னதென்று சொல்ல முடியாது. முழங்கால் உயரம். கணுவுக்குக் கணு புடைத்த தண்டு, எதிரெதிராக இரண்டிரண்டு இலைகள். இலை மிளகாய் இலையைப் போலவும் இருக்கிறது, மிளகாய் இல்லை என்றும் தெரிகிறது. கிளை நுனிகளில், பிழிந்து போட்ட ஈரத்துணி மாதிரி, முந்தின நாள் பூக்கள் முறுக்கிக்கொண்டு தொங்கும். பொடக்காலியில் பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலை ஒட்டி, ஐப்பசி மழைக்குப் பிறகு தானாக வந்தது. யாரும் விதைக்கவில்லை. முளைத்த புதிதில் அகலமான இரண்டு விதையிலைகளை விரித்துக்கொண்டு நின்றதால் அவரையோ பூசணியோ என்று விட்டுவைத்தோம். இரண்டும் இல்லை என்று தெரிந்தபோது பிடுங்க மனம் வரவில்லை.

கைபேசியில் படம் பிடித்துக் கேட்டால் பெயர் சொல்லும் காலம் இது. உச்சிவெயில் நேரத்துப் படத்துக்கு அது மிளகாய் வகை ஒன்றையும் துளசி வகை ஒன்றையும் மாற்றி மாற்றிக் காட்டியது. விளக்கு வைக்கிற நேரத்தில் அதே செடியைப் படம் பிடித்தபோது ஒரே மூச்சில் சொல்லிவிட்டது. ஆனால் அதற்கு முன்பே பக்கத்து வீட்டம்மா சொல்லியாயிற்று. அவர் செடியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தவர், “அந்திமந்தாரை வாசமாட்ட இருக்குதே, உங்கூட்டுலதானுங்களா?” என்று கேட்டார். வந்து பார்த்துவிட்டு, “எங்கம்மாயி ஊட்டுப் பொடக்காலி பூரா இதுதான். ஆரும் வெக்க வேண்டியதில்லீங்க, அது பாட்டுக்கு வரும்” என்றார்.

அவருக்கு அது மூக்கில் பதிந்திருந்த பூ. எனக்குப் புதிதாகப்பட்டது அவர் எதைக் கொண்டு கண்டுபிடித்தார் என்பதைவிட, எந்த நேரத்தில் கண்டுபிடித்தார் என்பதுதான். காலையில் துணி காயப்போடும்போதும் அதே மதிலோரம்தான் நின்றிருப்பார். அப்போது செடியிடம் அந்த வாசனையே கிடையாது.

திருச்செங்கோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் வட்டாரத்தில் நாலு மணிக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. நூல் மில்களில் காலை எட்டு மணிக்கு ஏறிய ஷிப்ட் நாலு மணிக்கு இறங்கும். அடுத்தது நடு ராத்திரி வரை. சங்கு ஊதினால் ஊரே நேரம் சொல்லும். இப்போது சங்கு கேட்பது குறைந்துவிட்டது, கைபேசிதான் எழுப்புகிறது, கைபேசிதான் அனுப்பி வைக்கிறது. பூ மட்டும் பழைய ஷிப்டை விடவில்லை. கார்த்திகை மார்கழியில் ஏறக்குறைய நாலு மணிக்கே முறுக்கு அவிழத் தொடங்குகிறது. பங்குனி வெயிலில் ஐந்தரை ஆனாலும் பிடிவாதமாக மூடிக்கொண்டிருக்கிறது. கடிகாரத்துக்கு அது கட்டுப்பட்டதில்லை. சூடு இறங்க வேண்டும், வெளிச்சம் சாய வேண்டும். மேகம் மூடிய காலையில் வெகுநேரம்வரை விரிந்தே நிற்கும். மலையாளத்திலும் இதற்கு நாலுமணிப்பூ என்று பெயர். கன்னடத்தில் சஞ்செ மல்லிகெ. எல்லோரும் செடியைப் பார்த்துப் பெயர் வைக்கவில்லை, பொழுதைப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

கூர்ந்து பார்த்தால் இந்தப் பூ பல இடங்களில் கண்ணைக் கட்டுகிறது. ஊதுகுழல் வடிவில் வண்ணமாக விரிந்திருப்பது அல்லி இல்லை. இதற்கு அல்லி வட்டமே கிடையாது, புல்லி வட்டம்தான் வண்ணம் பூசிக்கொண்டு அந்த வேலையைச் செய்கிறது. சரி, அடியில் பச்சையாக ஐந்து பல்லோடு நிற்கும் கிண்ணம் புல்லிதானே என்றால் அதுவும் இல்லை, அது பூவடிச் செதில். இந்த மாறாட்டம் இதன் குடும்பத்துக்கே உள்ள பழக்கம். போர்வெல் ரிக் வண்டி ஆபீஸ்களின் காம்பவுண்டில் தழைத்துத் தொங்கும் காகிதப்பூவில் நாம் பூ என்று நினைப்பதும் செதில்தான், உள்ளே வெள்ளையாகக் குச்சி மாதிரி நிற்பதே பூ. பாதையோரம் படர்ந்து காலில் மிதிபடும் மூக்கிரட்டையும், கூட்டு வைக்கிற லெச்சக்கொட்டைக் கீரையும் இதற்கு ஒன்றுவிட்ட உறவுகள். இந்தக் காய்ந்த பூமியில் மூக்கிரட்டை எப்படிக் கிழங்கு வேரால் கோடையைத் தாண்டுகிறதோ அப்படியே அந்திமந்தாரையும் தாண்டுகிறது. சித்திரையில் மேலே ஒன்றுமே இருக்காது. செத்துவிட்டது என்று நினைத்து அந்த இடத்தில் தொட்டி வைப்பவர்கள், முதல் மழைக்குத் தொட்டியைச் சுற்றித் தளிர் வருவதைப் பார்ப்பார்கள்.

இவ்வளவு சொந்தம்போல ஒட்டிக்கொண்ட செடி இந்த மண்ணுக்குரியதல்ல. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் இதைத் தேடிப் பயனில்லை. அப்போது இது கடலுக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் வெப்ப நாடுகளில் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் போனது. நம் பக்கம் எந்தக் கப்பலில் வந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் கொச்சியில் டச்சுக்காரர்களின் தளபதியாக இருந்த வான் ரீடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சான ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலில் அந்திமலரி என்ற பெயரோடு இது இடம்பெற்றிருக்கிறது. அதற்குள் மலையாளக் கரையில் ஊர்ப்பெயர் கிடைத்து வீட்டுச் செடி ஆகிவிட்டிருக்கிறது. 1753இல் லின்னேயஸ் இதற்கு மிராபிலிஸ் ஜலாபா என்று பெயர் சூட்டினார். மிராபிலிஸ் என்றால் வியப்புக்குரியது, அதில் தகராறு இல்லை. ஜலாபா என்பது மெக்சிகோவின் ஹலாப்பா நகரம். அந்நகரின் பெயரால் விற்ற பேதி மருந்துக் கிழங்கு இந்தச் செடியுடையது என்று அப்போது நம்பினார்கள். அந்தக் கிழங்கு உண்மையில் தாளிக்கொடி இனத்தைச் சேர்ந்த வேறொரு கொடியுடையது என்று பிறகு தெரிந்தது. தவறு தெரிந்த பின்னும் வைத்த பெயரை மாற்றும் வழக்கம் தாவரவியலில் இல்லை. ஆகவே உலகம் முழுக்க இந்தச் செடி, தான் செய்யாத வேலையின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. இதன் கிழங்கும் வயிற்றைக் கலக்கும் என்பதால் அந்தக் காலத்து ஆட்களை ரொம்பவும் குறை சொல்ல முடியாது.

வாசனைக்கு வருகிறேன். ஆசிமீன் என்ற ஆவிப்பொருள்தான் இதில் முக்கியம். பூவை ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் அடைத்து மணிக்கு மணி அளந்து பார்த்திருக்கிறார்கள். மாலை ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவில் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கிவிடுகிறது. அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் நீளமான குழலும், அடியில் ஒரு சொட்டுத் தேனும். நீண்ட நாக்குள்ள பருந்து அந்துப்பூச்சிகளுக்கு விரித்த இலை அது. பூச்சி உட்காராது. இறக்கை கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அடிக்க, அந்தரத்தில் நின்றபடியே நாக்கை உள்ளே விட்டு எடுத்துக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். எங்கள் பொடக்காலியில் சுற்றுமுற்றும் எல்.இ.டி. விளக்குகள் எரிவதாலோ என்னவோ, அது வருவதை அபூர்வமாகத்தான் பார்க்க முடிகிறது. செடி அதற்கும் ஏற்பாடு வைத்திருக்கிறது. குழலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஐந்து மகரந்தத் தாள்களும் சூல்தண்டும், காலையில் பூ மூடும்போது சுருண்டு ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. விருந்தாளி வரவில்லை என்றால் வீட்டுக்குள்ளேயே காரியம் முடிந்துவிடும். பூவுக்கு ஒரே ஒரு விதை, கறுப்பாய், வரிவரியாய், மிளகைப் போல. கிட்டத்தட்ட எந்தப் பூவும் வெறுங்கையோடு போவதில்லை.

அண்ணன் மகள் பாப்பா இதே மாவட்டத்தில் விடுதியோடு கூடிய பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். பொங்கல் லீவுக்கு வந்திருந்தாள். நாமக்கல் மாவட்டத்துக்கு முட்டை, லாரி, ரிக் வண்டி எப்படியோ அப்படித்தான் பிளஸ் டூவும். 2017இல் ரேங்க் அறிவிப்பை அரசு நிறுத்தும்வரை மாநிலத்தின் பல மூலைகளிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து இங்கே விட்டுவிட்டுப் போவார்கள், இப்போதும் கூட்டம் குறையவில்லை. செடியைக் காட்டி என்ன என்று கேட்டேன். தெரியவில்லை. அந்திமந்தாரை என்றதும் அவள் முகம் மாறியது. “மிராபிலிஸ் ஜலாபாவா சித்தப்பா? முழுமையற்ற ஓங்குத்தன்மை! ஒண்ணுக்கு ரெண்டுக்கு ஒண்ணு.” வாசல்படியில் உட்கார்ந்து கட்டம் போட்டுக் காட்டினாள். சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் முதல் தலைமுறை முழுக்க இளஞ்சிவப்பு. அடுத்த தலைமுறையில் ஒரு பங்கு சிவப்பு, இரண்டு பங்கு இளஞ்சிவப்பு, ஒரு பங்கு வெள்ளை. கார்ல் காரென்ஸ் என்ற பெயரும் வந்தது. எழுத்துப் பிசகவில்லை. இந்தச் செடியின் வம்சாவளி முழுக்க அவள் விரல்நுனியில் இருந்தது, செடியைத்தான் இன்று முதல்முறையாகப் பார்க்கிறாள்.

இதைச் சொல்லி இன்றைய படிப்பைத் திட்டுவது சுலபம். நான் அதற்காக இதை எழுதவில்லை. யோசித்துப் பார்த்தால் பாடத்தின் மீதுகூட அவ்வளவு குற்றமில்லை. இந்தப் பூ மணக்கும் மூன்று மணி நேரமும் விடுதியில் மாலைப் படிப்பு நேரம். டீ குடித்துவிட்டு உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வருவார்கள். காம்பவுண்டுச் சுவரோரம் இது முளைத்துக் கிடந்தாலும் பகல் இடைவேளைகளில் முறுக்கிய துணியைத்தான் பார்த்திருப்பார்கள். நாலு மணி ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கும் இதே கதிதான். பக்கத்து வீட்டம்மாவின் அம்மாயிக்கு அந்த நேரம் சொந்தமாக இருந்தது. தண்ணீர் சேந்தவோ, மாட்டைக் கட்டவோ, சும்மா நிற்கவோ அவர் அப்போது பொடக்காலியில் இருந்தார்.

காரென்ஸுக்கும் அந்த நேரம் இருந்திருக்கும். மெண்டலின் விதிகளை 1900இல் மறுபடி கண்டெடுத்த மூவரில் அவர் ஒருவர். மெண்டலே பிற்பாடு பட்டாணியை விட்டு இந்தப் பூவிடம் வந்தவர். ஒரு விதை உண்டாக ஒரு மகரந்தத்தூள் போதாது என்று டார்வின் ஏற்றுக்கொண்டிருந்த கருத்தைச் சோதிக்க, ஒற்றைத் தூளை எடுத்து அந்திமந்தாரையின் சூல்முடியில் வைத்துப் பார்த்து, போதும் என்று தாவரவியலாளர் நேகெலிக்கு 1870இல் கடிதம் எழுதினார். காரென்ஸ் 1909இல் இதன் இலைகளில் இன்னொன்றைக் கண்டார். பச்சையும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டான இலை விடும் செடி ஒன்று. அதில் முழுப் பச்சைக் கிளையும் உண்டு, முழு வெள்ளைக் கிளையும் உண்டு. விதை எந்தக் கிளையில் காய்த்ததோ அதைப் பொறுத்தே கன்றின் நிறம் அமைந்தது, மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் ஒன்றுதான். அப்பன் வழி ஒன்றுமே இறங்காத சொத்து ஒன்று உயிர்களில் இருக்கிறது என்பதற்கு அது முதல் சாட்சிகளில் ஒன்று. அவர் அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திருந்த கையெழுத்துப் பிரதிகள் 1945இல் பெர்லின் குண்டுவீச்சில் எரிந்துபோயின. பாப்பாவின் புத்தகத்தில் காரென்ஸின் கண்டுபிடிப்புகள் இரண்டும் இருந்தன, இந்தக் கடைசி விஷயம் இல்லை. கேள்வியாக வராது என்பதால் அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஆனால் ஒரு கேள்வி கேட்டாள். “புக்குல சிவப்பு, வெள்ளை, இளஞ்சிவப்பு மூணுதான் சித்தப்பா இருக்கு. இதுல மஞ்சள் எப்படி வந்துச்சு?” நல்ல கேள்வி. பெரும்பாலான பூக்களின் சிவப்பும் நீலமும் ஆந்தோசயனின் என்ற சாயத்தால் வருகின்றன. அந்திமந்தாரையின் சாயம் வேறு. பீட்ரூட்டிலும் தண்டுக்கீரையின் செந்தண்டிலும் சப்பாத்திக்கள்ளிப் பழத்திலும் இருக்கிறதே, அந்தப் பீட்டாலைன் வகை. அதில் மஞ்சள் ஒரு கிளை, செந்நீலம் ஒரு கிளை. எங்கள் செடியில் முதலில் மஞ்சளாகத்தான் பூத்தது. கொஞ்ச நாளில் மஞ்சளில் செம்புள்ளி, செங்கோடு என்று வரத் தொடங்கியது. அவள் இருந்த நாட்களிலேயே ஒரு பூ, ஸ்கேல் வைத்துப் பிரித்தது போல, சரி பாதி மஞ்சளும் சரி பாதி செந்நீலமுமாக விரிந்தது.

திருச்செங்கோட்டு மலைமேல் இருக்கும் சாமி வலப்பாதி ஆணும் இடப்பாதி பெண்ணுமாக நிற்கிற ஊரில் இப்படி ஒரு பூவைப் பார்த்தால் மனசு எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாப்பா கைபேசியில் தேடினாள். தாவும் மரபணு என்று பதில் வந்தது, சோளக் கதிர்களை வைத்து பார்பரா மக்ளின்டாக் கண்டுபிடித்து, நெடுநாள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், 1983இல் நோபல் வாங்கிய அதே சங்கதி. செந்நீலச் சாயத்துக்கான மரபணுவுக்குள் ஒரு துணுக்கு போய் உட்கார்ந்துகொண்டால் அந்த நிறம் நின்று மஞ்சள் மட்டும் எஞ்சும். மொட்டு உருவாகிற வழியில் ஏதாவது ஒரு செல்லில் அந்தத் துணுக்கு எழுந்து போய்விட்டால், அந்தச் செல்லின் வழிவந்த இடம் மட்டும் மறுபடி சிவக்கும். கடைசி நேரத்தில் எழுந்தால் புள்ளி. கொஞ்சம் முந்தி எழுந்தால் கோடு. மிகவும் முந்தி எழுந்தால் பாதிப் பூ. இதிலும் எப்போது என்பதுதான் கணக்கு. கன்னத்தில் போட்டுக்கொண்டவரையும் தேடிப் பார்த்தவளையும் அருகருகே பார்த்தபோது இருவரில் யார் அதிகம் வியந்தார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இவ்வளவு மணம் இருந்தும் இதற்குச் சந்தையில் விலை இல்லை. சேலம், நாமக்கல் பூ மார்க்கெட்டில் மல்லி, முல்லை, சம்பங்கி, செவ்வந்தி, பனமரத்துப்பட்டி அரளி எல்லாம் எடைக்கு வரும். அந்திமந்தாரை வந்து நான் பார்த்ததில்லை. காரணம் எளிது. மல்லியை விடியலில் மொட்டாகவே பறித்துவிடலாம். பறித்த பிறகும் அதன் பொழுது ஓடிக்கொண்டிருக்கும், மாலையில் கூந்தலில் இருந்தபடி விரியும். இடையில் கிடைக்கிற அந்தப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம்தான் பூ வியாபாரம் முழுதும். அந்திமந்தாரையைப் பறித்தால் குழைந்துவிடும், பறிக்காவிட்டால் விடிந்ததும் மூடிவிடும். குழந்தைகள் மட்டும் நாரில்லாமல் குழலோடு குழலைப் பின்னிச் சரம் செய்து, ராத்திரி சோற்றுக்குக் கூப்பிடும்வரை தலையில் வைத்திருப்பார்கள்.

தாவரங்களை அட்டையில் ஒட்டிக் காப்பவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தை உருவாக்கிய பாதிரியார் கே. எம். மாத்யூ, தமிழகச் சமவெளித் தாவரங்களைத் தொகுத்து 1980களில் பெரிய தொகுதிகளாக வெளியிட்டவர். சேலம், நாமக்கல் பக்கத்துச் செடிகளைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் கடைசியில் அவருடைய நூல்களில்தான் போய் நிற்க வேண்டும். அந்த முறையில் செடியைப் பறித்த இடத்திலேயே பூவின் நிறத்தையும் மணத்தையும் களக்குறிப்பில் எழுதிவிட வேண்டும். அழுத்திக் காயவைத்த தாளில் இலையும் காயும் நூறாண்டு இருக்கும், இந்த இரண்டும் இருக்காது.

எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதும் ஓரளவு தெரிந்துவிட்டது. இந்த விதைக்குப் பறக்கத் தெரியாது, பஞ்சும் இல்லை, முள்ளும் இல்லை. விழுந்த இடத்தில்தான் முளைக்கும். தண்ணீரோ மண்ணோ மனிதரோ தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு. போன கோடையில் வாழை வைப்பதற்காக டிராக்டரில் ஒரு லோடு மண் அடித்தோம். ஈரோடு ரோட்டில் பழைய ஓட்டு வீடு ஒன்றை இடித்த இடத்திலிருந்து அள்ளிய மண் அது, ஓட்டுச் சில்லும் உடைந்த வளையல் துண்டும் அதில் கிடந்தன. அந்த வீட்டுப் பொடக்காலியில் யாரோ ஒருவர் இதை வைத்திருக்கிறார், அல்லது தானாக வந்ததைப் பிடுங்காமல் விட்டிருக்கிறார். இப்போது அங்கே மூன்று மாடி எழுந்துவிட்டது.

மாசியில் செடிக்கடியில் கன்றுகள் பாய் விரித்த மாதிரி முளைத்துவிட்டன. “இப்பிடியே உட்டீங்கன்னா காடாயிருமுங்க, கெழங்கு எறங்கிருச்சுன்னா கடப்பாறதான் போடோணும்” என்று பக்கத்து வீட்டம்மா எச்சரித்தார். சொன்னவரே பாதிப் பாதிப் பூ பூத்த கிளையிலிருந்து ஒரு கைப்பிடி விதையும் கேட்டார். அந்த விதை அப்படியே பாதிப் பாதியாகத்தான் பூக்கும் என்று உறுதி இல்லை என்றேன். அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாட்டு அவரை விதை வைத்திருக்கும் டப்பாவிலேயே இதையும் போட்டுக்கொண்டார். பேரப்பிள்ளைகள் மிளகென்று வாயில் போட்டுவிடப் போகிறார்கள், தனி டப்பாவில் போட்டு மூடிமேல் பெயர் எழுதி ஒட்டுங்கள் என்றேன். ஒட்டியிருக்கிறார். அந்திமந்தாரை என்று இல்லை. ‘திங்கக் கூடாது’ என்று எழுதியிருக்கிறது.